சொல்லாமல் கொடுக்கும் மாத்திரை

(வாசகர் கேள்விகளுக்குக் குழந்தை மருத்துவ நிபுணர் ஒருவர் பதிலளிக்கிறார்)

கேள்வி: என் தங்கையும் அவள் கணவரும் காலமான பிறகு அவர்களுடைய மகளை நான்தான் வளர்த்து வருகிறேன். பிறவியிலேயே எச்.ஐ.வி. தொற்றியவள். வயது 13, போன தையில் பெரியவளாகிவிட்டாள். 5 வயது முதல் ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து வாங்கிக் கொடுக்கிறேன். ரத்தம் ஊறுவதற்கான மாத்திரை என்றே அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். சென்ற மாதம் அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸில் ஏழெட்டு மாத்திரைகள் கிடந்தன. கேட்டால், "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே பெரியம்மா, எதுக்கு முழுங்கணும்?" என்கிறாள். உண்மையைச் சொல்லிவிடலாமா? தாங்குவாளா? ரத்தத்தில் கிருமி தென்படவில்லை என்று போன வருஷம் சொன்னார்களே, மருந்தை நிறுத்திப் பார்க்கக் கூடாதா? அவளுக்குக் கல்யாணம், குழந்தை என்பதெல்லாம் உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சொல்லிவிடுங்கள், அம்மா. தாங்குவாளா என்று தாங்கள் அஞ்சுவது இயற்கையே. ஆயினும், ஏ.ஆர்.டி. மையத்தின் சுவர்களில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளை எட்டு வருஷமாகப் பார்த்தும், எழுத்துக்கூட்டத் தெரிந்த நாள் முதலாக அவற்றைப் படித்தும் வந்திருக்கக்கூடிய ஒரு பெண், தனக்கு ஒன்றுமில்லை என்று மெய்யாகவே நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று எண்ண எனக்குத் துணிவு வரவில்லை. அவள் அப்படிச் சொன்னது, பெரியம்மாவின் வாயிலிருந்து பதிலை வரவழைக்கப் போட்ட தூண்டில் என்றே எனக்குப் படுகிறது.

இத்தகைய கேள்வி எழுவதற்கே இடமில்லாதிருந்த காலம் ஒன்றுண்டு. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியாக இருந்த நிர்மலாவும் 1986-ஆம் ஆண்டு இந்தியாவில் முதன்முதலாக இக்கிருமியைக் கண்டறிந்த நாளிலும், அதற்குப் பின் நெடுங்காலமும், தாயிடமிருந்து கிருமியைப் பெற்றுப் பிறந்த சிசுக்களில், சிகிச்சை கிட்டாதபோது, ஏறக்குறையப் பாதிப்பேர் 2 வயது நிறைவதற்குள்ளாகவே மாண்டுபோயினர். அரசாங்கம் இலவசக் கூட்டு மருந்தைக் கொடுக்கத் தொடங்கியது 2004-இல். குழந்தைகளுக்கென்று தனித் திட்டம் வகுத்தது 2006-இல். அந்த நாட்களில், குழந்தைக்கு நோய் முற்றும் வரை காத்திருந்து மருந்தைத் தொடங்குவதா, பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கிவிடுவதா என்பது வைத்திய உலகில் தீராத விவாதமாக இருந்தது. தென்னாப்பிரிக்காவில் சொவேட்டோவிலும் கேப் டவுனிலும் நடந்த ஆராய்ச்சி 2008-இல் அதற்கு முடிவு கட்டியது: காத்திருந்த குழந்தைகளில் நூற்றுக்கு 16 பேர் இறந்திருக்க, 12 வாரத்துக்குள் மருந்து தொடங்கப்பெற்ற குழந்தைகளில் இறந்தவர் நூற்றுக்கு 4 பேர்தாம். மருந்து கிடைத்த பின்னும் அதைக் குழந்தைக்கு எந்த உருவில் கொடுப்பது என்ற சங்கடம் நீங்கவில்லை. பெரியவர்களுக்கான மாத்திரையைக் கத்தியால் நறுக்கிக் கண்ணளவாகக் கொடுத்த தாய்மார்களை நான் அறிவேன். குழந்தைகளுக்கென்றே செய்த சிறு கூட்டு மாத்திரைகளை ஜாம்பியாவின் பிள்ளைகளிடம் பரிசோதித்தார்கள். தண்ணீரில் கரையும், ஸ்ட்ராபெரி மணமுள்ள டோலுடெக்ராவிர் மாத்திரை 2020-இல்தான் அங்கீகாரம் பெற்றது.

இவ்வளவையும் விரித்துரைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சிசுவைக் காப்பாற்றும் வித்தையைக் கற்றுக்கொண்ட வைத்தியம், அந்தச் சிசு வளர்ந்து 13 வயதில் மாத்திரையை ஒளித்து வைக்கும்போது செய்வதறியாது நிற்கிறது. 10 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளிடத்தில் கிருமி அடங்காமல் போவது பெரியவர்களைவிட மிகுதி என்பதைப் பல தேசங்களின் கணக்குகள் காட்டுகின்றன. நினைவு தெரிந்த நாள் முதல் மருந்து உண்டு உண்டு உண்டான சலிப்பு, வளர்ப்பவர் மாறிக்கொண்டேயிருத்தல், தோழியர் கண்டுவிடுவார்களோ என்ற கூச்சம் என்று காரணங்கள் பலவாயினும், எதற்காக உண்கிறோம் என்று யாரும் சொல்லாதிருப்பதே அவற்றில் தலையாயது என்பது என் அநுபவம். ஜிம்பாப்வேயில் 'ஸ்வாந்திரி' என்ற அமைப்பு, இதே கிருமியோடு வளர்ந்த 18 முதல் 24 வயது வரையான இளைஞர்களைப் பயிற்றுவித்து, 13 முதல் 19 வயதினரின் வீடுகளுக்கு அனுப்பிப் பேசவும் பழகவும் வைத்தது. வழக்கமான சிகிச்சையோடு நின்றவர்களில் நூற்றுக்கு 36 பேருக்கு, ஏறத்தாழ இரண்டு வருஷத்தின் முடிவில், ஒன்று கிருமி அடங்காமலிருந்தது, அல்லது மரணம் நேர்ந்திருந்தது. தோழமை கிடைத்தவர்களில் அத்தொகை 25. புதிய மருந்து ஏதும் அங்கே சேர்க்கப்படவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

மருந்தை நிறுத்தவே கூடாது. கிருமி தென்படவில்லை என்றால், மருந்துக்கு அடங்கி உடலுக்குள் பதுங்கியிருக்கிறது என்று பொருளேயன்றி, ஒழிந்துபோயிற்று என்பதன்று. அமெரிக்காவின் மிசிசிப்பி மாகாணத்தில் பிறந்த 30 மணி நேரத்தில் சிகிச்சை தொடங்கப்பெற்ற ஒரு குழந்தைக்கு, சுமார் ஒன்றரை வயதில் மருந்து நின்றுபோன பிறகும் 27 மாதம் வரை கிருமி தலைகாட்டவில்லை. பூரண குணம் என்று 2013-இல் உலகமே கொண்டாடியது. 2014-இல் கிருமி மீண்டுவிட்டது. தங்கள் பெண் எத்தனை நாள் தவறவிட்டாள் என்பதை மையத்து மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லி, வைரஸ் அளவுப் பரிசோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

சொல்லும் முறைக்கு வருகிறேன். 6 வயது முதல் 12 வயதுக்குள், அறிவு வளர வளரச் சிறிது சிறிதாகச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இலேயே வழிகாட்டியிருக்கிறது. ஆகவே நாம் சற்றுத் தாமதித்துவிட்டோம். முதலில் தாங்கள் மட்டும் மைய ஆலோசகரைக் கண்டு பேசிவையுங்கள். பிறகு அவளுக்கு எந்தத் தேர்வும் விசேஷமும் இல்லாத ஒரு நாளில், அவள் தங்களோடு சகஜமாக இருக்கும் நேரத்தில், கிருமியின் பெயரை வாயால் உச்சரித்தே சொல்லுங்கள். உனக்கு இது அம்மாவிடமிருந்து வந்தது, அம்மா அறிந்து செய்ததன்று, நீ செய்த தவறும் ஏதுமில்லை, மருந்து சாப்பிட்டு வந்தால் படிக்கலாம், வேலைக்குப் போகலாம் என்று இவ்வளவு போதும். அவள் அழுதால் அழட்டும். மௌனமாக எழுந்து போனாலும் போகட்டும். நாலு நாள் கழித்துக் கேள்விகள் வரும். இறந்துபோன தங்கையையோ, அவள் கணவரையோ குறைகூறும் ஒரு சொல்லும் அப்போது தங்கள் வாயில் வந்துவிடக் கூடாது. இத்தனை நாள் மறைத்தோமே என்று கோபித்தால், பயந்துகொண்டு மறைத்தேன் என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

கல்யாணமும் உண்டு, குழந்தையும் உண்டு. மணக்கப்போகிறவன் முன்னதாக அறிந்திருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. மருந்தால் கிருமி அடங்கியிருப்பவரிடமிருந்து தாம்பத்திய உறவால் அது பரவுவதில்லை.

கேள்வி: நான் ஏழு மாதக் கர்ப்பிணி. மூன்றாம் மாதத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து கூட்டு மருந்து சாப்பிட்டு வருகிறேன். கணவருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. தாய்ப்பால் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: மருந்து தவறாமல் சாப்பிட்டு வந்தால் கொடுக்கலாம், ஆனால் முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கூடாது. அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்து 1994-இல் முடிவு வெளியான ஆராய்ச்சியில், ஜிடோவுடின் என்ற ஒரே மருந்து, குழந்தைக்குத் தொற்றுவதை நூற்றுக்கு 25 என்பதிலிருந்து 8-க்குக் குறைத்தது. இன்றைய கூட்டு மருந்தால் கிருமி அடங்கிய தாய்மாரிடத்தில் அது நூற்றுக்கு ஒன்றிரண்டுக்கு மேற்படுவதில்லை. தாய்ப்பாலோடு வேறு ஆகாரமும் கலந்து ஊட்டப்பட்ட சிசுக்களுக்குத் தொற்று மிகுதி என்பதைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஹூசென் கூவாடியா என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் கண்டறிந்தனர். கூட்டு மருந்து பரவாத காலத்து ஆராய்ச்சி அது என்றாலும், அதன் எச்சரிக்கையைப் புறக்கணிப்பதற்கில்லை. நம் வீடுகளில் பிறந்த அன்றே சேனை தொட்டு வைப்பதும், சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும், உரைமருந்து இழைப்பதும் வாத்சல்யத்தால் நடப்பவை. தாங்கள் தனியே நின்று தடுக்கப் பார்த்தால் மனஸ்தாபமே மிஞ்சும். ஆறு மாதத்துக்கு ஒரு சொட்டு நீரும் கூடாது என்பது எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான விதியாதலால், பிரசவ வார்டு நர்ஸையே மாமியாரிடம் சொல்லச் சொல்லுங்கள், ரகசியமும் காப்பாற்றப்படும். பிறந்தவுடன் குழந்தைக்குத் தரும் சொட்டு மருந்தை நிறுத்த வேண்டாம். 6-ஆவது வாரத்தில் முதல் ரத்தப் பரிசோதனை நடக்கும். தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் ரத்தத்தில் நீடித்திருக்கும் காரணத்தால், 18-ஆவது மாதத்தில்தான் முடிவு உறுதியாகும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகள் இருந்தால் தலைமையாசிரியருக்குத் தெரிய வேண்டாமா?
– ஓர் ஆசிரியர், சேலம்

பதில்: வேண்டாம். 2017-இல் இயற்றப்பெற்று 2018 செப்டம்பர் முதல் அமலிலிருக்கும் சட்டம், சம்மதமின்றி ஒருவருடைய நிலையை வெளியிடுவதையும், அதன் பேரில் கல்வியை மறுப்பதையும் தடை செய்திருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு ரத்தம் கசிந்தாலும் கையுறை அணிந்து காயத்தைக் கட்டும் பழக்கத்தை ஆசிரியர்கள் எல்லோரும் மேற்கொண்டால் போதுமானது. மேற்கொண்டு சந்தேகமிருப்பவர்கள் 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலோ, அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்திலோ, பெயர் வெளியாகிவிடுமோ என்று அஞ்சாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.