ஏடிபியை முதலில் கண்டவர் யார்?

கேள்வி: தசை இயங்கத் தேவையான ஏடிபி என்னும் பொருளைக் கண்டுபிடித்தவர் ஜெர்மானியரான கார்ல் லோமன் என்று ஒரு நூலும், சென்னையில் மருத்துவம் படித்த சுப்பாராவ் என்று மற்றொரு நூலும் கூறுகின்றன. எது சரி?
– வாசகர் ஒருவர், உழவர்கரை, புதுச்சேரி

பதில்: இரண்டும் சரியே. அச்சேறிய நாளை மட்டும் கணக்கில் கொண்டால் லோமன் முந்தியவர். அவருடைய சிறு கட்டுரை 1929 ஆகஸ்டில் ஜெர்மானிய அறிவியல் இதழ் ஒன்றில் வெளிவந்தது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தசையிலும் கல்லீரலிலும் உள்ள பாஸ்பரஸ் சேர்மங்களைப் பற்றி எழுதிய குறிப்பு, அதே ஆண்டு அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. இரண்டு மாத இடைவெளியில், இரு கண்டங்களில், தனித்தனியே நிகழ்ந்த கண்டுபிடிப்பு இது.

ஏடிபி என்பது அடினோசின் ட்ரைபாஸ்பேட் என்பதன் சுருக்கம். அடினின் என்னும் காரமும் ரைபோஸ் என்னும் சர்க்கரையும் சேர்ந்தது அடினோசின்; அதனுடன் மூன்று பாஸ்பேட்டுகள் சங்கிலிபோல் இணைந்திருக்க, கடைசிப் பாஸ்பேட்டு பிரியும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டே தசை சுருங்குகிறது. இதன் பொருள் 1929இல் இருவருக்குமே முழுமையாகத் தெரியாது. ஆற்றல் மிகுந்த பாஸ்பேட்டுப் பிணைப்பு என்ற கருத்தை, ஜெர்மனியில் பிறந்து பின்னர் அமெரிக்காவில் வாழ்ந்த ஃபிரிட்ஸ் லிப்மன் 1941இல்தான் விரித்துரைத்தார்.

யார் முதல்வர் என்ற இந்த வழக்கில் எளிதில் மறக்கப்படுவது, இருவருக்கும் பொதுவாக இருந்த அளவுகோல். ஃபிஸ்கேயும் சுப்பாராவும் 1925இல் வெளியிட்ட பாஸ்பரஸ் அளவீட்டு முறையே அது. இரத்தத்திலுள்ள புரதத்தை அமிலம் கொண்டு திரியச் செய்து வடிகட்டி, தெளிந்த நீரில் அமில மாலிப்டேட்டையும், ஒடுக்கும் தன்மையுள்ள கரிம வினைப்பொருள் ஒன்றையும் சேர்த்தால், உள்ளே இருக்கும் பாஸ்பேட்டின் அளவுக்கேற்ப நீல நிறம் தோன்றும். அறிந்த அளவுள்ள கரைசலின் நீலத்தோடு அதை ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். வளர்ந்தவர் ஒருவரின் இரத்தச் சீரத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 2.5 முதல் 4.5 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருப்பது இயல்பு. அவ்வளவு சிறிய அளவையும் கண்டறிய இம்முறை வழிசெய்தது. பல தலைமுறை உயிர்வேதியியல் மாணவர்கள் தங்கள் செய்முறைக் குறிப்பேட்டில் ‘ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை’ என்று எழுதியது இதைத்தான்.

இந்த நீலமே அடுத்த கண்டுபிடிப்புக்கும் வாயிலானது. தசைச் சாற்றில் இதே சோதனையைச் செய்தபோது, நிறம் உடனே நிலைபெறாமல் நேரம் செல்லச் செல்ல அடர்ந்துகொண்டே போயிற்று. இதைக் கைப்பிழை என்று ஒதுக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சோதனைக் குழாய்க்குள்ளேயே ஏதோ ஒரு நிலையற்ற பொருள் சிதைந்து பாஸ்பேட்டை விடுவிக்கிறது என்று அவர்கள் ஊகித்து, 1927இல் பாஸ்போகிரியாட்டின் என்னும் அப்பொருளை அறிவித்தனர். அதே ஆண்டில் இங்கிலாந்தில் எகிள்டன் இணையரும் அதைத் தனியே கண்டிருந்தனர். தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலம் உருவாவதே காரணம் என்று அதுவரை நிலவிய கருத்து இதனால் ஆட்டங்கண்டது.

பெர்லினில் இருந்த லோமன் 1926இலேயே ஜென்ட்ராசிக் என்பவருடன் சேர்ந்து, ஃபிஸ்கே–சுப்பாராவ் முறையைத் தசைச் சாற்றுக்கு ஏற்பத் திருத்தியமைத்துப் பயன்படுத்தி வந்தார் என்பது இவ்வழக்கில் தவறாமல் குறிப்பிடப்பட வேண்டிய செய்தி. ஆகவே, அச்சில் முந்தியவர் என்ற பெருமை ஜெர்மானியருக்கு உரியதாயினும், அவர் கையில் இருந்த அளவுகோலைச் செய்து தந்தவர்களுள் ஒருவர் சென்னையில் படித்த அந்த இந்தியர் என்பது மறுக்க முடியாதது. பாடநூல்கள் இருவர் பெயரையும் சேர்த்தே அச்சிடுவதுதான் முறை.

கேள்வி: கார்ல் லோமனின் பிற பணிகள் யாவை?

பதில்: 1898இல் பீலஃபெல்டு நகரில் பிறந்த லோமன், 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஓட்டோ மேயர்ஹோஃபின் ஆய்வகத்தில் வளர்ந்தவர். கொதிநீரில், அமிலத்தில், ஏழு நிமிடம் சூடாக்கினால் ஏடிபியின் வெளிப்பாஸ்பேட்டுகள் இரண்டும் பிரிந்துவிடும் என்ற அவருடைய சோதனை அத்துறையில் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. பாஸ்போகிரியாட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து ஏடிபியைப் புதுப்பிக்கும் வினையை 1934இல் அவர் விளக்கினார். அது இன்றும் லோமன் வினை எனப்படுகிறது. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு நீங்கிவிடும் வைட்டமின் பி1, உடலுக்குள் இரண்டு பாஸ்பேட்டுகளை ஏற்ற வடிவத்திலேயே நொதிகளுக்குத் துணை நிற்கிறது என்பதை 1937இல் ஷூஸ்டருடன் சேர்ந்து நிறுவியவரும் அவரே. அதற்கு அடுத்த ஆண்டு, யூதர் என்பதால் மேயர்ஹோஃப் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. லோமன் பெர்லினில் தங்கிப் பிற்காலத்தில் கிழக்கு ஜெர்மனியின் தேசியப் பரிசைப் பெற்று, 1978இல் மறைந்தார்.

கேள்வி: சுப்பாராவ் உண்மையில் சென்னையில் படித்தவரா? புதுச்சேரியில் வழங்கப்பட்ட யானைக்கால் நோய் மாத்திரைக்கும் அவருக்கும் தொடர்பு உண்டா?

பதில்: படித்தவர் மட்டுமல்லர், சென்னையில் புறக்கணிக்கப்பட்டவரும் ஆவார். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 ஜனவரி 12 அன்று பிறந்த அவர், மூன்றாம் முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறி, மாநிலக் கல்லூரியிலும் பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியின் அறைகூவலை ஏற்று அறுவை அரங்கில் கதராடை அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை; முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே அவருக்குக் கிடைத்தது. அரசு மருத்துவப் பணி கைகூடாமல், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்து, 1922 அக்டோபரில் பாஸ்டன் சென்றடைந்தார். அங்கே மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளராக நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவிப் பிழைப்பு நடத்தியவர், மூன்றே ஆண்டுகளில் மேற்சொன்ன அளவீட்டு முறையில் தம் பெயரைப் பதித்தார் என்பது வியந்து போற்றத்தக்கது.

அவருடைய சகோதரர் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல் நோயால் அடுத்தடுத்து இறந்தனர். உணவின் சத்தைக் குடல் ஏற்காமல், இரத்தம் குன்றி உடல் தேயும் நோய் அது. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரிலிருந்த லெடர்லி ஆய்வகத்துக்குச் சென்றபின், அந்நோய்க்குப் பயன்படும் ஃபோலிக் அமிலத்தை 1945இல் செயற்கையாக உருவாக்கிய குழுவை அவர் வழிநடத்தினார். கருவுற்ற பெண்களுக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்தோடு சேர்த்துத் தரப்படும் மாத்திரையில் இருப்பது அதே ஃபோலிக் அமிலம்தான். அதன் செயலைத் தடுக்கும் சேர்மங்களும் அதே ஆய்வகத்தில் உருவாகி, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாயின.

யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின், சுருக்கமாக டிஇசி, 1947இல் அவருடைய குழுவிலிருந்தே வெளிவந்தது. இம்மருந்து, கொசுவின் வழியே பரவும் புழுவின் நுண்குஞ்சுகளை இரத்தத்திலிருந்து நீக்குகிறது. அக்குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் தோலருகே ஓடும் இரத்தத்தில் நடமாடும் என்பதால், சுகாதாரப் பணியாளர்கள் இரவு நேரத்தில் வீடுதேடி வந்து விரல்நுனியில் குத்தி இரத்தம் எடுப்பது புதுச்சேரிப் பகுதியில் பழகிய வழக்கமாக இருந்தது. ஜிப்மர் மருத்துவமனைக்கு அருகே 1975இல் தொடங்கப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம், 1980களில் கொசு பெருகும் சாக்கடைகளைச் சீர்செய்து நோயைத் தடுக்கும் திட்டத்தை இங்கு நடத்தியது.

அதே பத்தாண்டில் காரைக்காலில் வேறொரு வழி கையாளப்பட்டது. மாத்திரையை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து விழுங்கச் செய்வது அரிதாக இருந்தமையால், டிஇசி கலந்த சமையல் உப்பு மக்களுக்கு வழங்கப்பட்டது. குழம்பிலும் இரசத்திலும் சேர்ந்து கொதித்தாலும் சிதையாமல், அன்றாடச் சோற்றோடு அம்மருந்து சிறிது சிறிதாக உடலுக்குள் சென்றது.