பிழை நிரலில்தானா? – பி.எச்.பி. பாடத்தை ஆய்வகத்தில் தொடங்கும்போது

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் பி.எச்.பி. மொழிக்கெனப் பல பாடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அறிமுகத்தில் தொடங்கி, செயற்கூறு, அணி, மடக்கு, படிவம் என வளர்ந்து, மைஎஸ்க்யூஎல் இணைப்பில் முடிகின்றன. நிரலின் இலக்கணத்தைக் கரும்பலகையில் நம்மால் நன்றாகவே நடத்திவிட முடிகிறது. சிக்கல் ஆய்வகத்தில் காலெடுத்து வைத்ததும் தொடங்குகிறது. நிரல் ஓடுவதற்கு முன்பே சேவையகம் சரியாக அமைந்திருக்க வேண்டும். அந்த அமைவில் ஏற்படும் தடுமாற்றங்களைப் பற்றியும், அவற்றையே பாடமாக்குவது பற்றியும் என் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்கிறேன்.

மார்த்தாண்டத்தை அடுத்துள்ள சிதறால் மலைக்கோயில் எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த இடம். அதைப் பற்றி ஒரு வலைப்பக்கம் உருவாக்கும்படி வகுப்பில் சொன்னேன். மேலே தலைப்பு, நடுவில் சமணச் சிற்பங்களைப் பற்றி நான்கு வரி, கீழே அன்றைய நாளும் நேரமும். நாளையும் நேரத்தையும் மட்டும் பி.எச்.பி. அச்சிட வேண்டும். ஒரு மாணவி முதலில் முடித்தாள். தலைப்பு வந்தது, நான்கு வரியும் வந்தன. நாள் வரவில்லை.

"சார், கீழ மட்டும் ஒண்ணும் வரல."

"அரைப்புள்ளி விட்டிருப்ப மக்களே, நல்லா பாரு."

அவள் பார்த்தாள். அரைப்புள்ளி இருந்தது. இரட்டை மேற்கோளை ஒற்றை மேற்கோளாக மாற்றினாள். எக்கோ என்பதை பிரிண்ட் என்று மாற்றினாள். இரண்டு பாடவேளை கழிந்தது. கடைசியில் அந்த வரியையே அழித்துவிட்டு, "எனக்கு இது வராது சார்" என்றாள்.

அன்று மாலை நான் உட்கார்ந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அந்தக் கணினியில் அப்பாச்சி சேவையகத்தை நிறுவிய நான், அதனுடன் பி.எச்.பி.யை இணைக்கும் தொகுப்பை நிறுவவில்லை. அவள் முதலில் எழுதிய நிரலில் ஒரு பிழையும் இல்லை. என் தவறைத் தேடி, சரியாக எழுதிய ஒரு பிள்ளை தன் வரியை அழித்துக்கொண்டாள். மறுநாள் வகுப்பில் அதை எல்லோர் முன்னும் சொன்னேன். அன்றிலிருந்து பி.எச்.பி. பாடத்தை நிரலிலிருந்து தொடங்குவதில்லை. ஒரு கோரிக்கை போய்வரும் வழியிலிருந்து தொடங்குகிறேன்.

வாசிப்பவர் யார்?

எச்.டி.எம்.எல். பக்கத்தை உலாவியே வாசித்துவிடும். பி.எச்.பி. அப்படியன்று. அது சேவையகத்தில் இயங்கும் மொழி. உலாவி கேட்கிறது. அப்பாச்சி கோப்பைத் தேடி எடுக்கிறது. கோப்பின் பின்னொட்டு டாட் பி.எச்.பி. என்று இருந்தால் அதை பி.எச்.பி.யிடம் கொடுக்கிறது. பி.எச்.பி. நிரலை இயக்கி விடையை மட்டும் திருப்பித் தருகிறது. அந்த விடைதான் உலாவிக்குப் போகிறது. நிரல் உலாவியின் கண்ணில் படுவதே இல்லை.

சிதறால் மலையில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. பிள்ளைகள் அவற்றின் முன் நின்றிருக்கிறார்கள். ஒருவருக்கும் வாசிக்க வரவில்லை. வெட்டியவர் பிழையாக வெட்டினார் என்று யாராவது சொல்வோமா? வாசிக்கத் தெரிந்தவர் நம்மோடு இல்லை, அவ்வளவுதான். பி.எச்.பி. இணைக்கப்படாத அப்பாச்சியும் அப்படித்தான். நிரலை வாசிக்கத் தெரியாமல், இருப்பதை இருந்தபடியே உலாவிக்கு அனுப்பிவிடும். உலாவிக்கும் அது புரியாது. பெரும்பாலும் அந்தப் பகுதியைக் காட்டாமல் விட்டுவிடும். என் மாணவிக்கு நடந்தது இதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. உலாவியில் கண்ட்ரோல் விசையுடன் யு எழுத்தை அழுத்தினால் பக்கத்தின் மூலம் தெரியும். அதில் பி.எச்.பி. நிரல் தெரிந்தால், நிரல் இயங்கவே இல்லை என்று பொருள். அப்போது அரைப்புள்ளியைத் தேடிப் பயனில்லை.

கணினி இல்லாமல் ஒரு செயல்பாடு

நான்கு மாணவர்களை அழைக்கிறேன். ஒருவர் உலாவி, ஒருவர் அப்பாச்சி, ஒருவர் பி.எச்.பி., ஒருவர் கோப்புகள் வைத்திருக்கும் அலமாரி. உலாவி ஒரு சீட்டில் கோப்பின் பெயரை எழுதி அப்பாச்சியிடம் தருகிறார். அப்பாச்சி அலமாரியிலிருந்து தாளை எடுத்து, பெயரின் கடைசியைப் பார்த்து, பி.எச்.பி.யிடம் கொடுக்கிறார். தாளில் '15-ஐ 4-ஆல் பெருக்கு' என்றிருந்தால் பி.எச்.பி. 60 என்று மட்டும் எழுதித் தருகிறார். அதை அப்பாச்சி உலாவியிடம் சேர்க்கிறார்.

இப்போது ஒவ்வொருவராக விலக்குகிறேன். பி.எச்.பி. உட்கார்ந்துவிட்டால்? தாள் பெருக்கப்படாமல் அப்படியே உலாவியிடம் போகும். அப்பாச்சி வெளியே போய்விட்டால்? உலாவி கதவைத் தட்டிக்கொண்டே நிற்கும். தளத்தை அடைய முடியவில்லை என்ற செய்தி வரும். தாள் வேறு தட்டில் இருந்தால்? 404. தாள் இருக்கிறது, ஆனால் எடுக்க அனுமதி இல்லையென்றால்? 403. பி.எச்.பி. தாளைப் படித்துக் குழம்பி, எதுவும் சொல்லாமல் நின்றால்? வெற்றுப் பக்கம் அல்லது 500. இருபது நிமிடத்தில் முடியும் இச்செயல்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் "வரல சார்" என்று சொல்வது குறைந்தது. "சார், 404 வருது" என்கிறார்கள். எங்கே நின்றது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

அடிக்கடி வரும் அறிகுறிகள்

1. முகவரிப் பட்டையில் முதல் சொல் ஃபைல் என்றிருத்தல். மாணவர் கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்திருக்கிறார். உலாவி நேராக வட்டிலிருந்து எடுக்கிறது. சேவையகத்துக்கு இதில் வேலையே இல்லை. முகவரி லோக்கல்ஹோஸ்ட் என்றோ 127.0.0.1 என்றோ தொடங்க வேண்டும்.

2. கோப்பு இருக்கிறது, ஆனால் 404 வருகிறது. எக்ஸாம்ப் நிறுவிய விண்டோஸ் கணினியில் எச்.டி.டாக்ஸ் கோப்புறைக்குள்ளும், உபுண்டு கணினியில் பொதுவாக வார் கோப்புறையின் டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. என்ற உட்கோப்புறையில் உள்ள எச்.டி.எம்.எல். கோப்புறைக்குள்ளும் கோப்பு இருக்க வேண்டும். இடம் சரியென்றால் பெயரைப் பாருங்கள். நோட்பேடில் சேமிக்கும்போது பெயருக்குப் பின்னால் டாட் டி.எக்ஸ்.டி. ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் பின்னொட்டை மறைத்து வைப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது. பின்னொட்டுகளைக் காட்டும் அமைப்பை முதல் நாளே எல்லாக் கணினிகளிலும் இயக்கிவிடுவது நல்லது. இன்னொன்று: லினக்ஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுவேறாகக் கொள்ளும். வீட்டு மடிக்கணினியில் விண்டோஸில் ஓடிய பக்கம் ஆய்வகத்து லினக்ஸில் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

3. அப்பாச்சி தொடங்கியதும் நின்றுவிடுதல். பெரும்பாலும் 80 என்ற போர்ட்டை வேறு மென்பொருள் பிடித்திருக்கும். அப்பாச்சியின் அமைவுக் கோப்பில் 'லிசன் 80' என்ற வரியை 'லிசன் 8080' என்று மாற்றி மீண்டும் தொடங்கலாம். அதன்பின் முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்பதற்குப் பின் முக்காற்புள்ளியிட்டு 8080 சேர்க்க வேண்டும். இதைச் சொல்ல மறந்தால் வகுப்பு முழுவதும் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும்.

4. உபுண்டுவில் நிரல் இயங்காமல் மூலத்தில் அப்படியே தெரிதல். லிப்அப்பாச்சி2-மாட்-பி.எச்.பி. என்ற தொகுப்பை நிறுவி அப்பாச்சியை மீண்டும் தொடங்க வேண்டும். நான் விட்டது இதைத்தான்.

5. வெள்ளைப் பக்கம். இங்கே நிரலில் பிழை இருக்க வாய்ப்புண்டு. ஆனால் பிழைச் செய்தி மறைக்கப்பட்டிருக்கிறது. பி.எச்.பி.யின் அமைவுக் கோப்பில் டிஸ்ப்ளே எரர்ஸ் என்பதை ஆன் ஆக்கினால் செய்தியும் வரி எண்ணும் தெரியும். அரைப்புள்ளி விடுபட்டால் பெரும்பாலும் அதற்கு அடுத்த வரியின் எண்தான் வரும். ஆகவே முந்தைய வரியையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பொதுமக்கள் பயன்படுத்தும் தளத்தில் இதை ஆஃப் நிலையில்தான் வைக்க வேண்டும்.

6. தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறுதல். கோப்பு ஆன்சி முறையில் சேமிக்கப்பட்டிருக்கிறது. யு.டி.எஃப்.-8 முறையில் சேமிக்க வேண்டும். ஒருமுறை கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்டால் பழைய எழுத்து திரும்பாது. மறுபடி தட்டத்தான் வேண்டும்.

7. வேர்டிலிருந்து எடுத்து ஒட்டிய நிரல் இயங்காமை. வேர்டு நேர் மேற்கோள்களை வளைந்த மேற்கோள்களாக மாற்றிவிடும். பி.எச்.பி. அவற்றை மேற்கோளாக ஏற்காது. நாம் தயாரித்துக் கொடுக்கும் குறிப்புகளிலேயே இந்தப் பிழை ஒளிந்திருக்கக்கூடும்.

அமைவுக் கோப்பில் ஓர் அரைப்புள்ளி

தொகுப்பை நிறுவியபின் எங்கள் பக்கத்தில் நாள் வந்தது. ஆனால் எக்ஸாம்ப் உள்ள இன்னொரு கணினியில் நேரம் தவறாக வந்தது. காலை வகுப்பில் அதிகாலை நேரத்தைக் காட்டியது. எக்ஸாம்புடன் வரும் அமைவுக் கோப்பில் டேட் டைம்ஸோன் என்ற இடத்தில் ஐரோப்பாவின் பெர்லின் குறிக்கப்பட்டிருக்கும். எந்த நேர வலயமும் குறிக்காவிட்டால் பி.எச்.பி. உலகப் பொது நேரத்தை எடுத்துக்கொள்ளும். அது நம் நேரத்துக்கு 5.30 மணி பின்தங்கியது. அங்கே ஏசியா/கொல்கத்தா என்று குறிக்க வேண்டும்.

இந்த மாற்றத்தைச் செய்யும்போது மூன்று இடங்களில் மாணவர்கள் தடுமாறினார்கள். முதலாவது, அரைப்புள்ளி. நிரலில் அரைப்புள்ளி ஒரு கூற்றை முடிக்கிறது. பி.எச்.பி.யின் அமைவுக் கோப்பிலோ, வரியின் தொடக்கத்தில் உள்ள அரைப்புள்ளி அந்த வரியையே செயலிழக்கச் செய்கிறது. மதிப்பைச் சரியாக மாற்றிவிட்டு, முன்னால் உள்ள அரைப்புள்ளியை நீக்காமல் விட்டால் ஒரு பலனும் இருக்காது. அப்பாச்சியின் அமைவுக் கோப்பில் இதே வேலையை ஹேஷ் குறி செய்கிறது.

இரண்டாவது, தவறான கோப்பைத் திருத்துவது. உபுண்டுவில் கட்டளை வரிக்கு ஓர் அமைவுக் கோப்பும் அப்பாச்சிக்கு ஓர் அமைவுக் கோப்பும் ஒரே பெயரில், வேறுவேறு கோப்புறைகளில் இருக்கும். பி.எச்.பி.இன்ஃபோ என்ற செயற்கூறை ஒரு பக்கத்தில் எழுதித் திறந்தால், எந்த அமைவுக் கோப்பு பயன்பாட்டில் உள்ளது என்பதை முழுப் பாதையுடன் காட்டும். அதைப் பார்த்துவிட்டுத் திருத்துவதே முறை.

மூன்றாவது, மீண்டும் தொடங்க மறப்பது. அப்பாச்சியுடன் இணைந்து இயங்கும் பி.எச்.பி., அமைவுக் கோப்பைச் சேவையகம் தொடங்கும்போதுதான் படிக்கும். கோப்பைச் சேமித்தால் மட்டும் போதாது. அப்பாச்சியை நிறுத்தித் தொடங்க வேண்டும்.

அப்பாச்சி இல்லாமலும் தொடங்கலாம்

சில ஆய்வகங்களில் மென்பொருள் நிறுவும் அனுமதி நம்மிடம் இருக்காது. பி.எச்.பி. மட்டும் ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும். 5.4 பதிப்பு முதல் பி.எச்.பி.க்குள்ளேயே பயிற்சிக்கான ஒரு சிறு சேவையகம் இருக்கிறது. நம் கோப்புறைக்குள் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பி.எச்.பி. என்ற கட்டளையுடன் கழித்தல் குறியும் ஆங்கிலப் பெரிய எஸ் எழுத்தும் சேர்த்து, இடம் விட்டு லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 8000 என்று தட்டினால் அது தொடங்கிவிடும். படிவம், மடக்கு, செயற்கூறு ஆகிய பாடங்களுக்கு இது தாராளம். பயிற்சிக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

மாணவர் கையில் ஒரு கேள்விப் பட்டியல்

இப்போது எங்கள் ஆய்வகச் சுவரில் ஐந்து கேள்விகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. முகவரி எதில் தொடங்குகிறது? அப்பாச்சி ஓடுகிறதா? கோப்பு சரியான இடத்தில், சரியான பெயரில் இருக்கிறதா? பக்கத்தின் மூலத்தில் பி.எச்.பி. நிரல் தெரிகிறதா? பிழைச் செய்தி எந்த வரியைக் காட்டுகிறது? முதல் நான்குக்கும் விடை கண்ட பிறகே நிரலில் கை வைக்க வேண்டும் என்பது விதி. புதிய சிக்கல் வந்தால் அறிகுறி, காரணம், தீர்வு மூன்றையும் செய்முறைப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறார்கள். நிரல் ஓடிய பக்கங்களைவிட அந்தப் பக்கங்களை நான் கவனமாகப் பார்த்துத் திருத்துகிறேன்.

அன்று வரியை அழித்த மாணவியிடம் அதே நிரலை மறுபடி எழுதச் சொன்னேன். முதலில் எழுதியபடியே எழுதினாள். நாள் வந்தது. "நேத்தும் இதத்தான சார் எழுதினேன்" என்றாள். ஆமாம் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

வகுப்பில் ஒரு பிள்ளையின் நிரல் ஓடவில்லையென்றால், அவளிடம் பிழையைத் தேடச் சொல்வதற்கு முன், நாம் அமைத்த வழியை ஒருமுறை நாமே நடந்து பார்த்துவிடுவோம்.