கத்திரி வெயிலில் உடம்புக்குக் கொஞ்சம் ஒத்தாசை

வெளியே எத்தனை டிகிரி கொளுத்தினாலும், நம் உடம்பு தன் சூட்டை 37 டிகிரிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளப் பாடுபடுகிறது, அதுவும் கரண்ட் பில் இல்லாமல்! நம் பங்குக்கு இதைச் செய்து பாருங்களேன்.

1. வியர்வை வழிந்தால் குளிராது, காய்ந்தால்தான் குளிரும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் அது லேசில் காயாது. நைலான் நைட்டியை மூட்டை கட்டிவிட்டுப் பருத்திக்கு மாறுங்கள். ஈரத்துண்டால் கழுத்தையும் கைகளையும் ஒற்றிவிட்டு ஃபேனுக்கு அடியில் உட்காருங்கள்.

2. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பழகிவிட்டால் வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பும் குறைவாகவே போகும். ஆகவே வடாம் பிழிகிற வேலையைக் கத்திரி வரை தள்ளாமல், பங்குனியிலேயே காலை இளவெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்துவிடுங்கள். லீவுக்குப் பெங்களூரிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளை வந்த அன்றே மொட்டை மாடிக்கு அனுப்ப வேண்டாம்.

3. வயிற்றுப்போக்கா? கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குடல் உப்பை உள்ளே இழுக்கச் சர்க்கரை துணை வேண்டும். ருசிக்காக அள்ளிப் போட்டால் பேதிதான் கூடும். அன்று கலக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள்.

4. வயசானவர்களுக்குத் தாகம் எடுப்பதே மந்தமாகிவிடும். "தண்ணி வேணுமா?" என்றால் வேண்டாம் என்றுதான் பதில் வரும்; கேட்காமல் டம்ளரைக் கையில் கொடுங்கள். தண்ணீருக்கு டாக்டர் அளவு சொல்லியிருந்தால் மட்டும் அதை மீறாதீர்கள்.

5. காய்ச்சலுக்கு ஐஸ் தண்ணீர் ஒத்தடம் கூடாது. தோலிலுள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கி, நடுக்கம் எடுத்து, சூடு உள்ளேயே தங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரே போதும்.

6. வெயிலில் நின்றவர் உடம்பு கொதிக்க, பேச்சு குழறினால் கைவைத்தியம் பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

7. படுக்கையை விட்டுச் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கித் தலை கிறுகிறுக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டில் விளிம்பில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள்.

8. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக 20, 30 நிமிஷம் ஆகும். பளிச்சென்று ஒரு விளக்கு பட்டால் அத்தனையும் போச்சு. ராத்திரி பாத்ரூம் லைட்டைப் போடும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். திரும்பும்போது அதைத் திறந்தால் கட்டில் கால் தெரியும், சுண்டுவிரல் தப்பிக்கும்!