படலையடிப் பூவரசு

உடப்பு,
ஆடி மாதம்.

அன்புள்ள மருமகளுக்கு,

போனமுறை வந்தபோது எடுத்த படங்களை அனுப்பியிருந்தாய். செவ்வரத்தை, கடதாசிப்பூ, திரும்பவும் செவ்வரத்தை. எல்லாம் வடிவுதான். ஆனால் எந்த வளவு, எந்த மாதம் என்று ஒன்றிலாவது தெரிகிறதா? கொழும்பில் ஒரு பூக்கடைக்குள் நின்று எடுத்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

நம்மூரில் இலையுதிர் காலம் இல்லையே என்று வேறு குறைப்பட்டிருக்கிறாய். கலண்டர் படம் பார்த்துக் கெட்டுப்போன புத்தி அது. இங்கே காலத்தைக் காற்றில் பார்க்க வேண்டும். இப்போது சோளகம். கடல் பார்த்த பக்கத்து இலைகள் உப்புப் பட்டுக் கருகிக் கிடக்கின்றன. அதை எடு. ஐப்பசி மழை விழுந்ததும் அதே கொப்பில் துளிர் வரும், அதையும் எடு. மாசியில் முள்முருக்கு இலையைக் கொட்டிவிட்டு வெறுங்கொப்பில் சிவப்பாய்ப் பூக்கும். மைனாக்கள் தேனுக்குச் சண்டை பிடிக்கும். பிறகு வேம்பு செப்பு நிறத்தில் தளிர்க்கும். மரத்துக்கு மரம் மாதம் வேறு, அவ்வளவுதான்.

தென்னையை எல்லாரும் அந்திச் சூரியனுக்கு முன் கறுப்பாக்கித்தான் எடுக்கிறார்கள். நீ அடிமரத்துக்குப் போ. மாதத்துக்கு ஓர் ஓலை கழலும், கழன்ற இடத்தில் ஒரு தழும்பு நிற்கும். பன்னிரண்டு தழும்பு எண்ணினால் ஏறக்குறைய ஒரு வருஷம். காலை வெயில் சரிந்து விழும்போதுதான் அது எடுப்பாய்த் தெரியும். சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டி மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அப்போது கமராவை வீட்டில் வை. மன்னார் போனால் பள்ளிமுனைப் பெருக்கமரத்தைப் பார். சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தாவிட்டால் படத்தில் அந்தப் பருமன் பிடிபடாது.

வில்லையில் உப்புப் படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதே, கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றியெடு.

என் ஆசை ஒன்று. கிணற்றடிப் பூவரசை மட்டும் ஒரு வருஷம் எடு. கிணற்றுக் கட்டில் ஓர் இடத்தைக் குறித்துவை, வரும்போதெல்லாம் அங்கேயே நில். கிட்டப் போனால் ஒரே பூவில் மூன்று படம் கிடைக்கும். காலையில் வெளிர்மஞ்சள், உள்ளே கருஞ்சிவப்புப் பொட்டு. பின்னேரம் செம்மை ஏறும். மறுநாள் ஊதாவாய்ச் சுருங்கிவிடும். இலையைத் திருப்பிப் பார், நடுநரம்பின் அடியில் சின்னத் தேன்சுரப்பி இருக்கும். எறும்பு அதற்குத்தான் ஏறுகிறது. காற்றில் இலை ஆடினால் ஐந்நூறில் ஒரு செக்கன் வை. ஆட்டமே வேண்டுமென்றால் பதினைந்தில் ஒன்று.

உன் அம்மாவின் கல்யாண அல்பத்தில் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நாலைந்து இலை தெரியும். படலையடிப் பூவரசு. உன் தாத்தா வேலிக்கு நட்ட கதியால் வேர்விட்டு மரமானது. மதில் கட்டும்போது நானே ஆள் பிடித்து வெட்டுவித்தேன். அப்போதும் என்னிடம் கமரா இருந்தது. கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரையும் எடுத்திருக்கிறேன்.

தீமிதிக்கு வரும்போது அந்த அல்பத்தைக் கொண்டு வா, பிள்ளை.

அன்புடன்,
மாமா