'கிவ் அப்' என்னும் வினைத்தொடர்: பொருளும் பிறப்பும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவரை இடர்ப்படுத்தும் வினைத்தொடர்களுள் ஒன்று 'கிவ் அப்' என்பது. 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. இரண்டையுங் கூட்டின் 'மேலே கொடு' என்றாகும். அதன் பொருளோ 'கைவிடு' என்பதாம். இத்தகைய தொடர்கள் அந்நியருக்குப் பேரிடர் விளைப்பன என்பதைச் சாமுவேல் ஜோன்சன் 1755ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே குறித்துள்ளார். ஆதலின், தடுமாறும் மாணவர் நாணுதல் வேண்டா.

இனி, இப்பொருள் பிறந்தவாற்றை நோக்குவாம். கலத்தில் நீர் மேலெழ மேலெழக் கலம் நிறைகின்றது. அதுபோல 'அப்' என்னுஞ் சொல்லும் உயர்வை மாத்திரமன்றி நிறைவையும் முடிவையும் உணர்த்தும். 'ஈற் அப்' என்பது முற்றாக உண்ணுதல். 'பேர்ண் அப்' என்பது முற்றாக எரிதல். அவ்வாறே 'கிவ் அப்' என்பது முற்றாகக் கொடுத்துவிடுதல். 1795இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையை ஆங்கிலேயரிடம் ஒப்புவித்த செயலுக்கு இவ்வினை நன்கு பொருந்தும். முற்றாகக் கொடுத்த பொருளில் நமக்கு உரிமையில்லை. ஆதலின் வழக்கத்தை விடுதல், நம்பிக்கை இழத்தல், முயற்சியைக் கைவிடுதல் என்னும் பொருள்களும் இதற்கு உளவாயின. ஆங்கிலத்தின் உறவுமொழியாகிய ஜேர்மனிலும் 'ஔஃப்கேபன்' என, இவற்றுக்கு இனமான இரு சொற்களே கூடி இப்பொருளைத் தருகின்றன.

1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் 'கிவ் அப் த கோஸ்ட்' என்னும் வழக்கு உண்டு. அதனைப் 'பேயை மேலே கொடு' என்று பெயர்த்தால் நகைப்பே விளையும். 'கோஸ்ட்' என்பதன் பழம்பொருள் ஆவி. ஆவியை விடுதல், உயிரை விடுதல் என்று நாம் கூறுவதும் அதுவே.

இத்தகைய வழக்குத் தமிழுக்குப் புதிதன்று. 'சோற்றை உண்டுவிட்டான்' என்ற இடத்து அவன் எதனையும் கைவிடவில்லை. உண்டல் முடிந்தது என்பதே கருத்து. நம் 'விடு' செய்யுந் தொழிலையே ஆங்கிலத்தில் 'அப்' செய்கின்றது. 'கொடுத்தும் விட்டான்' என இடையே உம்மை புகுவதுபோல, ஆங்கிலத்தில் 'கிவ் இற் அப்' எனச் சுட்டுப்பெயர் இடையே புகும். அதனை ஈற்றில் வைத்துக் 'கிவ் அப் இற்' என்றல் வழு.

'கிவ் இன்' என்பது வேறு. அது பிறர் வற்புறுத்தலுக்கு இணங்குதல். புகைபிடித்தலை விட்டவன் செய்தது 'கிவ் அப்'. நண்பர் வற்புறுத்த மீண்டும் புகைத்தவன் செய்தது 'கிவ் இன்'.

ஆகவே, மாணவர்காள், இத்தொடர்களைப் பிரித்துப் பொருள் தேடற்க. வாக்கியத்தோடு சேர்த்துக் கற்க. ஐயம் நேருமிடத்துத் தாய்மொழியின் வழக்கோடு ஒப்பிட்டு நோக்குக. பிறமொழி பயில்வார்க்குத் தமிழ் தடையன்று, துணையேயாம்.