பழந்துணியில் பயனுள்ள போர்வை

நைந்த சேலைகளைக் கரித்துணியாக்கும் முன் சற்று எண்ணிப் பாருங்கள். அவற்றை அடுக்கித் தைத்துப் போர்வையாக்கும் வழக்கம் நம் நாட்டின் பல பகுதிகளில் உழவர் இல்லங்களில் உண்டு. முறைதான் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

வங்காளத்தில் இதற்குக் 'காந்தா' என்று பெயர். சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பது அங்குப் பழைய முறை. பீகாரின் 'சுஜனி' பிறந்த குழந்தைக்கெனத் தைக்கப்பட்ட விரிப்பு. 2006இல் புவிசார் குறியீடு பெற்றது. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் 'கவந்தி'யை ஓரத்தில் தொடங்கி நடுவில் முடிப்பர். மூலைகளில் 'பூலா' எனும் மடிப்புத் துண்டு வைத்தால்தான் அது நிறைவுபெறும்.

நைந்த துணி தனியே இழுவை தாங்காது. நெருக்கமான தையல் அந்த இழுவையை எல்லா அடுக்குகளுக்கும் பகிர்ந்துவிடுகிறது. அடுக்குகளிடையே தங்கும் காற்று உடல் சூட்டைக் காக்கிறது.

தைக்க விரும்பும் இல்லத்தரசியர் கவனிக்க வேண்டியவை:

1. பருத்தித் துணியே ஏற்றது. பாலியஸ்டர் வியர்வையை நன்கு உறிஞ்சாது.
2. துணிகளை வெந்நீரில் துவைத்து, வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும்.
3. நைந்த துணி உள்ளேயும், உறுதியான துணி மேலும் கீழும் அமைய வேண்டும்.
4. முதலில் நீண்ட தையலால் அடுக்குகளைப் பிணைத்துக்கொண்டு, பின் நெருக்கமாக ஓட்டுத்தையல் போட வேண்டும்.
5. போர்வையை அவ்வப்போது வெயிலில் காயவைக்க வேண்டும்.

மார்கழிப் பனிக்கு முன் ஒன்று தைத்துவிட்டால், பிள்ளைகள் குளிரின்றி உறங்குவர். போர்வைக்குச் செலவாகும் பணம் விதைக்கு உதவும்.