தயங்கிய இளவரசன்

பூந்தமல்லியினின்று குன்றத்தூர் வழியாகப் பல்லாவரம் செல்லும் சாலையில் பம்மல் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய சம்பந்த முதலியார் (1873–1964), 1891ஆம் ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவினார். நாடகமாடுவோரை உலகம் இழிவாக எண்ணிய அந்நாளில், கற்றோரும் வழக்கறிஞரும் அச்சபையின் மேடை ஏறினர். பிற்காலத்தில் நீதிபதியாகவும் விளங்கிய முதலியார், ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் சிலவற்றைத் தமிழாக்கினார். 'ஹாம்லெட்' அவர் கையில் 'அமலாதித்யன்' ஆயிற்று. அவ்விளவரசன் வேடத்தைத் தாமே பூண்டும் நடித்தார். ஈண்டு நாம் மூலநாடகத்தின் பெயர்களைக் கொண்டே அவன் பண்பை ஆராய்வோம்.

டென்மார்க்கு நாட்டு இளவரசன் ஹாம்லெட் அயலூரில் கல்வி பயின்று வந்தவன். தந்தை இறந்தார். இரு திங்கள் நிரம்புமுன்னரே தாய், தன் கொழுநனின் தம்பியாகிய கிளாடியசை மணந்தாள். அவனே அரசனும் ஆனான். தந்தையின் ஆவி நள்ளிரவில் தோன்றி, தம்பியே தன்னை நஞ்சிட்டுக் கொன்றான் என்றும், பழி வாங்குக என்றும், தாய்க்குத் தீங்கு செய்யற்க என்றும் மகனுக்குக் கூறிற்று.

'எண்ணி எண்ணியே காலம் போக்கியவன்' என்று ஹாம்லெட்டைப் பலரும் கூறுவர். அது பாதி உண்மையே. ஆவியின் சொல்லை உடனே நம்பாமல், அரசன்முன் ஒரு நாடகம் நடத்துவித்து அவன் முகக்குறிப்பால் உண்மை தேர்ந்தானே, அது குற்றமன்று, அறிவுடையார் செயல். பிழை அதன் பின்னரே தொடங்குகின்றது. கிளாடியசு தனித்து மண்டியிட்டு வழிபடுகின்றான். ஹாம்லெட் வாளுடன் பின்னே நிற்கின்றான். வழிபடும்போது கொன்றால் இவன் வானுலகு புகுவான், தீமை செய்யும் வேளையில் கொல்வதே தக்கது என்று எண்ணி விலகிப் போகின்றான். உயிரை எடுப்பது போதாது, அவ்வுயிர் நரகும் புகவேண்டும் என்னும் அளவிற்கு அவன் சினம் சென்றுவிட்டது. நகைப்பிற்குரியது யாதெனின், கிளாடியசின் வாய்தான் வேண்டிற்றேயன்றி நெஞ்சு வேண்டவில்லை; அதனை அவனே ஒப்புக்கொள்கின்றான்.

அங்கு அத்துணை எண்ணியவன் சிறிது நேரத்தில் தாயின் அறையில் என் செய்தான்? திரைக்குப்பின் ஓர் ஒலி கேட்டது. யாரென்று பார்த்தானில்லை; வாளைப் பாய்ச்சினான். மாண்டவர் முதிய அமைச்சர் பொலோனியசு. எண்ணவேண்டிய இடத்தில் எண்ணாமையும், செய்யவேண்டிய இடத்தில் செய்யாமையும் ஒருவனிடமே நின்றன. ஆறப்போடத்தக்கது எது, தகாதது எது எனப் பகுத்தறிதலை வள்ளுவர் வினைசெயல்வகை அதிகாரத்தில் கூறுதல் காண்க.

இனி, அவனுடைய பெருங்குறை வேறொன்று உளது. தன் துயரை அன்றிப் பிறர் துயரை அவன் நெடுநேரம் காணவில்லை. பொலோனியசின் மகள் ஒபீலியா அவனை விரும்பியவள். அவளைக் கடுஞ்சொல்லால் புண்படுத்தினான். அவள் தந்தையையும் கொன்றான். அப்பேதை சித்தம் கலங்கி நீரில் மூழ்கி இறந்தாள். உடன்பயின்ற தோழர் இருவரைக் கடிதம் ஒன்றை மாற்றி எழுதிச் சாவிற்கு அனுப்பிவிட்டு, அது தன் நெஞ்சை உறுத்தவில்லை என்றும் கூறினான். தந்தையைக் கொன்றவனை வெறுத்த மகன், இன்னொரு மகனுக்குத் தானே தந்தையைக் கொன்றவன் ஆனான். அம்மகன் பெயர் லேயர்ட்டீசு.

கம்பர் காட்டும் பரதனை இங்கு நினைக்கலாம். அவனும் தந்தை இறக்கும்போது அயலூரில் இருந்தவன். தாயின் செயலால் நெஞ்சு கொதித்தவன். இராமன் முனிவான் என்னும் எண்ணமே தாயைக் கொல்லாமல் அவனைத் தடுத்தது. அடுத்து, காலந்தாழ்த்தாது தமையனைத் தேடிக் காடு சென்றான். ஆயினும் ஒன்று கூறவேண்டும்: பரதனுக்குத் தேடிச் செல்ல ஓர் இராமன் இருந்தான். ஹாம்லெட்டுக்கு அன்புடன் கேட்கும் நண்பன் ஹொரேஷியோ இருந்தான். வழிகாட்டும் பெரியோர் எவருமிலர். ஆதலின் அவனை இகழ்வதினும் இரங்குவதே நமக்கு எளிதாகின்றது.

இறுதியில் அவன் மாறுகின்றான். தன் துயரின் சாயலை லேயர்ட்டீசின் துயரில் காண்பதாக நண்பனிடம் ஒப்புகின்றான். வாட்போருக்கு முன் அவனிடம் மன்னிப்பும் வேண்டுகின்றான். ஆயின் குற்றத்தைத் தன் பித்தின்மேல் ஏற்றிப் பேசுவது நமக்கு நிறைவளிக்கவில்லை. நஞ்சு தோய்ந்த வாள் இருவரையும் தீண்டிய பின்னரே உண்மையான மன்னிப்பு நிகழ்கின்றது. அதற்குள் ஓர் உயிரோடு முடிந்திருக்க வேண்டிய பழி, அவனையும் சேர்த்து எட்டு உயிர்களைக் கொண்டது.

சாகும் தறுவாயில் ஹொரேஷியோ எஞ்சிய நஞ்சைக் குடிக்கப் போகின்றான். ஹாம்லெட் அக்கிண்ணத்தைப் பறித்து, நீ உயிரோடிருந்து என் கதையை உள்ளவாறு உலகிற்குச் சொல் என்று இரக்கின்றான். பிறன் ஒருவன் உயிர்க்காக அவன் இரந்த இடம் அந்நாடகத்தில் அது ஒன்றே.